மேலே கோதுமை, கீழே எண்ணெய்



ஒரு நிலத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். மேலே கோதுமைக் கதிர்கள் காற்றில் அசைகின்றன. கதிரை விதைத்தவர் அந்த நிலத்துக்கு வரி செலுத்துபவர். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த மண்ணுக்குக் கீழே 3 கிலோமீட்டர் ஆழத்தில் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

"நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான்" என்று நீங்கள் சட்டென்று சொல்லக்கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட டக்கோட்டா மாநிலத்தில் இந்த விடை பல இடங்களில் தவறாகிவிடும். அங்கே ஒரே வயலின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிமம் முற்றிலும் வேறு ஒருவருக்கும் சொந்தமாக இருப்பது மிகச் சாதாரணம். 2006-ஆம் ஆண்டையொட்டி அங்கே பெரும் எண்ணெய் வேட்டை தொடங்கியபோது, இந்த வேறுபாடு பல குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றியது. அந்த வேட்டையின் நிலவியலையும், அதற்குள் ஒளிந்திருக்கும் பின்னக் கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

நிலம் எவ்வாறு இரண்டாகப் பிரிந்தது?

பெரும்பாலான நாடுகளில் பூமிக்கடியிலுள்ள எண்ணெய் அரசின் உடைமை. இங்கிலாந்துகூட 1934-இல் சட்டம் இயற்றித் தன் நாட்டு எண்ணெயை அரசுடைமையாக்கியது. அமெரிக்காவிலோ தனியார் நிலத்தின் அடியிலுள்ள எண்ணெய் தனியாரின் சொத்தாகவே இருந்துவருகிறது. வீட்டை விற்பதுபோல அதையும் விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். மேற்பரப்பைத் தனியாகவும் அடிக்கனிமத்தைத் தனியாகவும் விற்கலாம் என்பதே இதில் குறிப்பிடத்தக்கது.

வட டக்கோட்டாவில் இந்தப் பிரிவு பல வழிகளில் நிகழ்ந்தது. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டால் அந்நிலம் அதற்கே சொந்தமாயிற்று. 1916-இல் கால்நடை வளர்ப்போருக்காக வந்த சட்டம் 640 ஏக்கர் வரை அளித்தது; ஆனால் அந்நிலங்களின் கனிமங்கள் அனைத்தையும் மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது.

1930-களில் கடும் வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வந்தன. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயின. பின்னர் அந்நிலங்களை விற்றபோது, கனிம உரிமையில் ஒரு பங்கைத் தங்களிடம் நிறுத்திக்கொண்டு விற்றவர்கள் உண்டு. வேறு சிலர் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகும்போது, "என்றாவது எண்ணெய் கிடைத்தாலும் கிடைக்கும்" என்று கனிமத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று ஆயிரம் மைல்களுக்கு அப்பால் வாழலாம். அப்படி ஓர் உரிமை தங்களுக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இதற்காக 1983-இல் வட டக்கோட்டா ஒரு சட்டம் செய்தது. இருபது ஆண்டுகள் பயன்படுத்தப்படாமலும் பதிவு செய்யப்படாமலும் கிடக்கும் கனிம உரிமையை, உரிய அறிவிப்புக்குப் பின், மேற்பரப்பின் சொந்தக்காரர் பெறலாம் என்பது அதன் சாரம். பாட்டனார் விட்டுச்சென்ற சொத்தை மறந்தால் இழக்க நேரிடும் என்று இதற்குப் பொருள்.

இளநீரும் நான்கு குழாய்களும்

ஓர் இளநீரில் நான்கு பேர் நான்கு குழாய்களை வைத்து உறிஞ்சுவதாக எண்ணுங்கள். யார் வேகமாக உறிஞ்சுகிறாரோ அவருக்கே மிகுதி கிடைக்கும். பழைய எண்ணெய் வயல்களின் நிலைமை இதுதான். நுண்துளைகள் நிறைந்த பாறையில் எண்ணெய் எளிதாக நகரும். எனவே உங்கள் கிணற்றுக்குப் பக்கத்து நிலத்து எண்ணெயும் வந்து சேரும். "எடுத்தவருக்கே சொந்தம்" என்று அந்நாட்டு நீதிமன்றங்களும் தீர்ப்பளித்தன.

இதன் விளைவை டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டாப் குன்று காட்டியது. 1901 ஜனவரி 10 அன்று அங்கே எண்ணெய் பீறிட்டெழுந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அக்குன்று முழுவதும் துளையிடு கோபுரங்கள் நெருக்கமாக முளைத்தன. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இறைக்கவே, எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டிருந்த நிலத்தடி அழுத்தம் விரைவில் குறைந்தது; விளைச்சலும் சரிந்தது.

இந்தப் பாடத்தைக் கற்ற மாநிலங்கள் பின்னாளில் விதிகளை வகுத்தன. குறிப்பிட்ட பரப்பைக் கொண்ட நிலத்தொகுதியை ஓர் 'அலகு' என்று வகுத்து, அதிலிருந்து கிடைக்கும் எண்ணெயை அதிலுள்ள கனிம உரிமையாளர்கள் அனைவருக்கும் பரப்பின் விகிதப்படி பிரித்துத் தர வேண்டும் என்பதே அவ்விதிகளின் அடிப்படை. வட டக்கோட்டாவில் கிடைக்கிணறுகளுக்குப் பெரும்பாலும் 1,280 ஏக்கர் ஓர் அலகாக வைக்கப்படுகிறது. இது 2 மைல் நீளமும் 1 மைல் அகலமும் கொண்ட செவ்வகம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

பாக்கன் பாறை

வட டக்கோட்டாவில் முதல் எண்ணெய் 1951 ஏப்ரலில் டயோகா ஊரின் அருகே கிடைத்தது. அதையடுத்த ஆண்டுகளில் பாக்கன் என்ற விவசாயியின் நிலத்தில் துளையிட்டபோது தெரியவந்த பாறை அடுக்குக்கு அவர் பெயரையே இட்டனர்.

பாக்கன் அடுக்கு ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலடியில் படிந்தது. அதில் மூன்று பகுதிகள் உண்டு. மேலும் கீழும் கரிய களிப்பாறை. நடுவில் வண்டலும் மணலும் சுண்ணப்பொருளும் கலந்த இறுகிய பாறை. கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சம் களிப்பாறையில் புதைந்து, பூமியின் வெப்பத்தில் எண்ணெயாக மாறியது. அவ்வெண்ணெயில் ஒரு பகுதி நடுப்பாறையினுள் புகுந்தது.

அங்கே எண்ணெய் இருப்பதை 1950-களிலேயே அறிந்திருந்தும், அதை எடுப்பது எளிதாக இல்லை. காரணம், அப்பாறையின் துளைகள் மிகமிக நுண்ணியவை. ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் செல்ல வழியும் இல்லை. செங்கல்லில் ஊற்றிய நீர் உள்ளே இறங்குகிறது. கருங்கல்லில் ஊற்றிய நீர் வழிந்தோடுகிறது அல்லவா? பாக்கன் பாறை கருங்கல்லின் பக்கம் சாய்ந்தது. இங்கே இளநீர் உவமை பொருந்தாது. குழாயை வைத்தாலும் எண்ணெய் வராது; பாறையையே விரிசலிடச் செய்ய வேண்டும்.

இரண்டு உத்திகளின் சேர்க்கை இதைச் சாத்தியமாக்கியது. முதலாவது கிடைத்துளையிடல். துளையைச் செங்குத்தாக ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இறக்கி, பின் மெல்ல வளைத்து, நடுப்பாறையினுள்ளேயே மேலும் 3 கிலோமீட்டர் வரை கிடையாகக் கொண்டு செல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் துளைமுனை சரியான அடுக்கில்தான் செல்கிறதா என்று எவ்வாறு அறிவது? கரிய களிப்பாறையில் கதிரியக்கம் அதிகம், நடுப்பாறையில் குறைவு. துளைமுனைக்குப் பின்னால் பொருத்திய கருவி காமாக் கதிர்களை அளந்து சொல்கிறது. அளவு ஏறினால் துளை வழிதவறிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது உத்தி நீரழுத்தப் பிளப்பு. துளையில் எஃகு உறைக்குழாயைச் செலுத்திச் சிமெண்டால் இறுக்கிய பின், மணலும் சில வேதிப்பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறை விரிசல் காணும். அழுத்தத்தைத் தளர்த்தியதும் விரிசல் மூடிக்கொள்ளாதவாறு மணல் பரல்கள் முட்டுக்கொடுத்து நிற்கும். அவ்விடைவெளி வழியே எண்ணெய் கசிந்து கிணற்றுக்கு வரும்.

2000-இல் மான்டானா மாநிலத்திலும், 2006-இல் வட டக்கோட்டாவின் பார்ஷல் பகுதியிலும் பாக்கன் அடுக்கில் கண்ட வெற்றி, பெரும் வேட்டையைத் தொடங்கி வைத்தது. 2006-இல் அம்மாநிலத்தின் உற்பத்தி நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் பீப்பாய். 2014-இல் அது 10 லட்சத்தைக் கடந்தது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். வில்லிஸ்டன் நகரின் மக்கள்தொகை 2010-இல் சுமார் 14,700. 2020-இல் 29,000-க்கும் மேல்.

குத்தகைப் பத்திரத்தில் என்ன இருக்கும்?

துளையிடும் கம்பெனிக்கு முதலில் வேண்டியது அனுமதி. இதற்காக அதன் முகவர்கள் பதிவு அலுவலகங்களில் பழைய பத்திரங்களைப் புரட்டி, எந்தக் கனிமம் யாருக்குச் சொந்தம் என்று தேடினார்கள். பிறகு உரிமையாளருக்கு ஒரு கடிதம் வரும்; அல்லது முகவரே வாசலில் வந்து நிற்பார்.

அவர் நீட்டும் குத்தகைப் பத்திரத்தில் மூன்று செய்திகள் முக்கியமானவை.

ஒன்று, முன்பணம். ஏக்கருக்கு இவ்வளவு டாலர் என்று கையெழுத்திடும்போதே தரப்படும். எண்ணெய் கிடைக்காவிட்டாலும் திருப்பித் தர வேண்டியதில்லை.

இரண்டு, காலம். பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள். அதற்குள் துளையிடாவிட்டால் குத்தகை முடிந்துவிடும். மீண்டும் வேறொருவருக்கு விடலாம். ஆனால் ஒரு கிணறு உற்பத்தி தரத் தொடங்கிவிட்டால், உற்பத்தி நடக்கும்வரை குத்தகையும் நீடிக்கும். அது முப்பது ஆண்டுகளாகவும் இருக்கலாம்.

மூன்று, ராயல்டி. நம் ஊர்களில் நிலத்தை வாரத்துக்கு விடுபவர் விளைச்சலில் பங்கு பெறுவதைப் போன்றது இது. செலவு முழுவதும் கம்பெனியுடையது. கிடைக்கும் எண்ணெயில் 8-இல் 1 பங்கோ 16-இல் 3 பங்கோ உரிமையாளருக்கு. இந்தப் பின்னம் பத்திரத்தில் ஒரே ஒரு வரியில் இருக்கும். ஆனால் பல ஆண்டுகளின் வருமானத்தை நிர்ணயிப்பது அதுவே.

கையெழுத்திட மறுத்தால் என்ன ஆகும்? அலகிலுள்ள மற்றவர்கள் சம்மதித்திருந்தால், மறுத்தவரின் பங்கையும் மாநிலச் சட்டப்படி அலகில் சேர்த்துவிடலாம். சட்டம் வகுத்த பங்கு அவருக்குக் கிடைக்கும்; துளையிடுவதைத் தடுக்க அவரால் இயலாது.

ஒரு கணக்குப் போடுவோம்

இனிக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வரும் குடும்பமும் விலைகளும் கணக்குக்காக நாம் கற்பித்துக்கொண்டவை.

பாட்டனார் 160 ஏக்கர் நிலம் வாங்கினார். விற்றவர் கனிமத்தில் பாதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பாட்டனாருக்கு மிஞ்சியது 80 ஏக்கர் கனிமம். அவருக்கு நான்கு பிள்ளைகள். ஆளுக்கு 20 ஏக்கர். அவர்களுள் ஒருவரான மகளின் கணக்கைப் பார்ப்போம்.

அலகின் பரப்பு 1,280 ஏக்கர். எனவே அவர் பங்கு 20/1,280, அதாவது 1/64. ராயல்டி 3/16 என்றால், மொத்த எண்ணெயில் அவருக்கு உரியது 1/64 × 3/16 = 3/1,024. ஆயிரம் பீப்பாய் எடுத்தால் ஏறத்தாழ மூன்று பீப்பாய் அவருடையது.

முதல் ஆண்டில் கிணறு 1,00,000 பீப்பாய் தந்தது என்று கொள்வோம். அவர் பங்கு 293 பீப்பாய். பீப்பாய் 80 டாலர் என்றால் 23,440 டாலர். வரி போக மீதி அவர் கைக்கு வரும். ராயல்டி 3/16-க்குப் பதிலாக 1/8 என்று அவர் கையெழுத்திட்டிருந்தால்? பங்கு 1/512, வருமானம் 15,625 டாலர். ஒரு சிறு பின்னத்தைக் கவனியாததால் ஓர் ஆண்டில் நேரும் இழப்பு 7,800 டாலருக்கும் மேல்!

ஆனால் முதல் ஆண்டைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. களிப்பாறைக் கிணறுகளின் இயல்பு வேறு. விரிசலுக்கு அருகிலுள்ள எண்ணெய் முதலில் வேகமாக வந்துவிடும். தொலைவில் உள்ளது மிக மெதுவாகவே கசியும். எனவே முதல் ஆண்டுக்குள்ளேயே நாள் உற்பத்தி தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுவது வழக்கம். இரண்டாம் ஆண்டில் கிணறு 40,000 பீப்பாய் தந்தது என்றும், அதே சமயம் விலையும் 40 டாலராக இறங்கியது என்றும் கொள்வோம். அவர் பங்கு 117 பீப்பாய். வருமானம் சுமார் 4,700 டாலர். ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது! முதல் ஆண்டு வருமானத்தை நம்பிக் கடனுக்குப் புது டிராக்டர் வாங்கியிருந்தால் அவர் நிலைமை என்னவாகியிருக்கும்?

விலைச் சரிவும் வெறும் கற்பனையன்று. 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016-இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. 2020 ஏப்ரல் 20 அன்று, கொரோனா தொற்றால் உலகம் முடங்கியிருந்தபோது, அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூச்சியத்துக்கும் கீழே சென்றது.

விற்பதா, குத்தகைக்கு விடுவதா?

முகவர் இன்னொரு யோசனையும் சொல்லக்கூடும். "அம்மா, ராயல்டிக்குக் காத்திருப்பானேன்? உங்கள் 20 ஏக்கர் கனிமத்தையும் ஏக்கர் 1,000 டாலர் வீதம் விற்றுவிடுங்கள். இன்றே 20,000 டாலர்."

அவர் என்ன செய்ய வேண்டும்?

விற்றால் பணம் உறுதி. துளையிட்டாலும் இடாவிட்டாலும், விலை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. எண்ணெய் வளம் மிகுந்த பகுதிக்கு வெளியே இருந்த பல நிலங்களில் கிணறு தோண்டப்படவே இல்லை. அங்கே நல்ல விலைக்கு விற்றவர்களே பயன் பெற்றவர்கள். முதுமையும் மருத்துவச் செலவும் உள்ளவருக்குக் கையில் இருக்கும் பணமே பெரிது.

குத்தகைக்கு விட்டால் வருமானம் நிச்சயமில்லை. ஆனால் உரிமை குடும்பத்திலேயே இருக்கும். அதே அலகில் பின்னாளில் மேலும் ஆறு, ஏழு கிணறுகள் தோண்டினால் ஒவ்வொன்றிலும் பங்கு உண்டு. விற்றவருக்கு அது இல்லை.

இங்கே அறிவியல் குறுக்கிடுகிறது. பாக்கன் அடுக்கிலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெய் 15.1 கோடி பீப்பாய் என்று 1995-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் மதிப்பிட்டது. 2008-இல் அதே ஆய்வகம் 365 கோடி பீப்பாய் என்றது. பாறையில் ஒரு சொட்டும் கூடவில்லை; எடுக்கும் உத்தியும் அதைப் பற்றிய அறிவுமே கூடின. 2013-இல் பாக்கனுக்குக் கீழேயுள்ள திரீ ஃபோர்க்ஸ் அடுக்கையும் சேர்த்து 740 கோடி என்று மதிப்பு உயர்ந்தது. 2007-இல் விற்றவர், தம் நிலத்தடியில் எடுக்கத்தக்க இரண்டாவது அடுக்கும் இருக்கக்கூடும் என்பதை அறியாமலேயே அதையும் சேர்த்து விற்றிருப்பார். வாங்குபவரிடம் நிலவியலாளர்களும் வரைபடங்களும் இருந்தன. விற்பவரிடம் இருந்தது பாட்டனாரின் பத்திரம் மட்டுமே. பேரத்தின் இரு புறமும் அறிவு சமமாக இல்லாதபோது விலையும் நேர்மையாக அமைவது கடினம்.

இதற்குச் சில விவேகிகள் கண்ட வழி நடுவழி. பாதியை விற்று மீதியை வைத்துக்கொண்டார்கள். அல்லது குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே உள்ள உரிமை குத்தகையில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்.

மேலே இருப்பவரின் பாடு

மேற்பரப்பு மட்டுமே சொந்தமான விவசாயியை மறந்துவிட வேண்டாம். அந்நாட்டுச் சட்டப்படி, கனிமத்தை எடுக்கத் தேவையான அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்தும் உரிமை கனிம உரிமையாளருக்கு உண்டு. ஆகவே விவசாயி மறுத்தாலும் அவர் வயலில் சாலை வரும். கிணற்று மேடை வரும். லாரிகள் இரவும் பகலும் ஓடும். ராயல்டியில் அவருக்கு ஒரு டாலரும் இல்லை. 1979-இல் வட டக்கோட்டா இயற்றிய சட்டம், பயிரிழப்புக்கும் நிலத்தின் மதிப்புக் குறைவுக்கும் அவருக்கு ஈடு தர வேண்டும் என்று விதித்தது.

எண்ணெயோடு ஆழத்திலிருந்து வரும் நீர் கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பானது. அது வயலில் சிந்தினால் பல ஆண்டுகள் பயிர் முளைக்காது. 2013 செப்டம்பரில் டயோகாவின் அருகே ஒரு குழாய் உடைந்து 20,000 பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் கோதுமை வயலில் பரவியது. அதைக் கண்டறிந்தது கருவி அன்று. அறுவடை செய்துகொண்டிருந்த விவசாயி! எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் கொண்டுசெல்லக் குழாய்கள் போதாமையால், 2011 முதல் 2014 வரை அதில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே எரித்துவிட்டனர். அந்தத் தீச்சுடர்கள் செயற்கைக்கோள் எடுத்த இரவுப் படங்களில் ஒரு பெருநகரம்போல் ஒளிர்ந்தன.

எண்ணெய் ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியதன்று என்பதை மாநில மக்களும் உணர்ந்தனர். 2010-இல் வாக்களித்து, எண்ணெய், எரிவாயு வரி வருமானத்தில் 30 சதவீதத்தை எதிர்காலத்துக்கென ஒரு நிதியில் சேமிக்க முடிவு செய்தனர். உற்பத்தி ஏறும், இறங்கும். 2019 நவம்பரில் நாளொன்றுக்கு 15 லட்சம் பீப்பாயை எட்டிய வட டக்கோட்டாவின் உற்பத்தி, 2020 மே மாதத்தில் 9 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. 36 கோடி ஆண்டுகளில் விளைந்த பொருளை ஒரு முறைதான் அறுவடை செய்ய முடியும். கோதுமையை ஆண்டுதோறும் அறுக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேலே கூறிய மகளுக்கு இரண்டு பிள்ளைகள். ராயல்டி 3/16 ஆகவே இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்த எண்ணெயில் கிடைக்கும் பின்னம் என்ன? இப்படியே பங்கு பிரிந்துகொண்டு போனால், ஐந்தாம் தலைமுறையில் கணக்கு வைப்பது எவ்வளவு கடினமாகும்?

2. முதல் ஆண்டில் 1,00,000 பீப்பாய், இரண்டாம் ஆண்டில் 40,000, மூன்றாம் ஆண்டில் 25,000, நான்காம் ஆண்டில் 18,000 என்று ஒரு கிணறு தருகிறது. பீப்பாய் விலை எப்போதும் 50 டாலர். நான்கு ஆண்டுகளில் அந்த மகளுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகையைக் காண்க. 20,000 டாலருக்கு விற்றிருந்தால் இலாபமா, நட்டமா?

3. அதே கணக்கில், கிணறு தோண்டப்படும் வாய்ப்பு பாதிதான் என்று கொள்ளுங்கள். உங்கள் விடை மாறுகிறதா? நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? காரணத்தையும் எழுதுங்கள்.